நுதலிற் பொலியும் திலகம்

உளுந்தளவேயான ஒரு பொருள். விரல் நுனியில் எடுத்து நெற்றியில் வைத்தால் ஒரு கணத்தில் முடிந்துவிடும் வேலை. கண்ணாடியின் முன் நின்று நம் தாய்மாரும் தமக்கைமாரும் நாள்தோறும் செய்யும் செயல்களுள் இதனினும் சிறியது வேறில்லை. ஆயினும் பொட்டு என்னும் இச்சிறு துளியினுள் அடங்கிக் கிடக்கும் வரலாறோ பெரிது. அழகும் அதனுள் உண்டு; தத்துவமும் உண்டு. பக்தியும் உண்டு, அச்சமும் கண்ணீரும் கூட உண்டு. இம்மலரைக் கையிலேந்தும் இளைஞரும் முதியோரும் அவ்வரலாற்றைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும் என்னும் அவாவினால் இக்கட்டுரை எழுந்தது.

சொல்லும் பொருளும்

பொட்டு என்பது தமிழில் மிகச் சிறியதொன்றைக் குறிக்கும் சொல். பொட்டுப்பொடி என்று நாம் வழங்குவதும் அக்கருத்திலேயாம். நெற்றியில் இடும் சிறு வட்டத்திற்கு அப்பெயர் எத்துணைப் பொருத்தம்! திலகம் என்பது வடசொல். எனினும் அது தமிழிற் புகுந்து பல நூற்றாண்டுகள் ஆயின. வட இந்தியர் பிந்தி என்பர். துளி எனப் பொருள்படும் பிந்து என்னும் வடசொல்லின் வழி வந்தது அது. அச்சொல்லே தமிழில் விந்து என்றாகி, நாதம், விந்து என நம் சைவ சித்தாந்த நூல்களில் உயர்ந்த தத்துவப் பெயராய் நிற்கிறது. ஒரே சொல் வடக்கே பெண்டிர் நெற்றியிலும் தெற்கே தத்துவ நூலிலும் இடம்பெற்றிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

தமிழ்நாட்டிலே தாலிக்கும் பொட்டு என்றொரு பெயருண்டு. கோயிலுக்குப் பெண்களை அர்ப்பணித்த பழைய வழக்கத்தைப் பொட்டுக்கட்டுதல் என்றே உலகம் சொல்லிற்று. அவ்வழக்கத்தை ஒழிக்க மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் நெடுங்காலம் போராடினார். சென்னை மாகாணத்தில் 1947இல் சட்டம் நிறைவேறியது. நல்ல சொல்லொன்று தகாத வழக்கத்திற்கும் பெயராகிவிடலாம் என்பதற்கு இஃதொரு சான்று. இதனை இங்கே குறித்துவைப்போம், பின்னர் வேண்டியிருக்கும்.

பழமை

நெற்றிக்கும் வகிட்டிற்கும் செந்நிறம் இடும் வழக்கம் எவ்வளவு பழையது? இன்றைய பாக்கிஸ்தானில் பலுச்சிஸ்தான் பகுதியிலுள்ள நௌசாரோ என்னும் இடத்தை அகழ்ந்தபோது சுடுமண்ணாற் செய்த பெண்பாவைகள் கிடைத்தன. கூந்தலுக்குக் கருநிறம், அணிகளுக்கு மஞ்சள் நிறம், தலைவகிட்டிற்குச் செந்நிறம் என அவற்றிலே வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. ஆராய்ச்சியாளர் இவற்றைக் கி.மு. 2800க்கும் 2600க்கும் இடைப்பட்ட காலத்தன என்பர். அப்பாவையைச் செய்தவர் எம்மொழி பேசினார், அச்செந்நிறத்திற்கு என்ன பொருள் கொண்டார் என்பன நமக்குப் புலப்படா. எனினும் பெண்ணின் தலையிலே செந்நிறக் குறியிட்டு அழகு பார்த்த கை ஏறத்தாழ நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது என்பது மட்டும் உறுதி.

நம் தமிழ் நூல்களுக்கு வருவோம். பத்துப்பாட்டின் முதற்பாட்டாகிய திருமுருகாற்றுப்படையிலே, முருகனைப் பாடி மலைச்சாரலில் ஆடும் சூரரமகளிரை நக்கீரர் வருணிக்கின்றார். அம்மகளிரின் மணங்கமழும் நெற்றியிலே திலகம் இட்டிருந்ததை அவர் மறவாது குறிப்பிடுகின்றார். முருக வழிபாட்டிலே ஊறிய நமக்கு இது எத்துணை இன்பம் தருவது!

சிலப்பதிகாரத்திலே இன்னும் நுட்பமான ஓரிடம் உண்டு. கோவலன் மாதவியின் மனையிலே தங்கிவிட்டான். கண்ணகி தனியே இருக்கிறாள். அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில் இளங்கோவடிகள் அவள் நிலையை ஒவ்வொன்றாகச் சொல்கின்றார்: காலிற் சிலம்பில்லை, கண்ணில் மையில்லை, நெற்றி திலகத்தை இழந்தது, கூந்தல் நெய்யணியை மறந்தது. கணவன் உயிரோடுதான் இருக்கின்றான். எனினும் மனத்தில் மகிழ்ச்சி இல்லாமையால் அவள் திலகமிடவில்லை. எனவே அக்காலத் தமிழர்க்குத் திலகம் மனமகிழ்வின் அடையாளமாய் இருந்தது என்பது தெளிவு. அதனைக் கண்ணகி தன் துயரத்தால் தானே விட்டாள்; பிறர் வந்து அழிக்கவில்லை. இதனையும் உள்ளத்தில் வைத்துக்கொள்வோம்.

பிற்காலத்து அபிராமிபட்டர் தம் அந்தாதியைத் தொடங்கும்போதே அம்மையின் திருமேனிச் செம்மைக்கு உதயசூரியனையும் உச்சித் திலகத்தையும் குங்குமத்தையும் உவமை தேடினார். தாயின் நெற்றியிற் கண்ட செந்நிறமே அன்னை பராசக்தியின் நிறமாக அடியார்க்குத் தோன்றிற்று.

ஏன் புருவநடு?

பொட்டு இடுமிடம் புருவங்களின் நடு. யோகநூலார் உடம்பினுள் ஆறு ஆதாரங்கள் உளவென்பர். நம் திருமூலரும் அவற்றைப் பேசுகின்றார். அவற்றுள் ஆறாவது ஆஞ்ஞை, புருவநடுவில் உள்ளது. இரண்டு இதழ்த் தாமரையாக அதனை உருவகிப்பர். ஆஞ்ஞை என்றால் கட்டளை என்பது பொருள். ஓடும் மனத்தை ஒருவழிப்படுத்தித் தியானம் செய்வார் நோக்கை நிறுத்தும் இடம் அது. சிவபெருமானுக்கு ஞானக்கண் அமைந்த இடமும் நெற்றியே. ஆகவே அங்கே இடும் குறி, ‘உள்ளே ஒரு கண் உண்டு, அது திறக்க வேண்டும்’ என்று இடுவாருக்கும் காண்பாருக்கும் நினைவூட்டுவதாகும்.

திருநீற்றின் வெண்மை சிவத்தையும் குங்குமத்தின் செம்மை சத்தியையும் குறிக்கும் என்று நம்மவர் கொள்வர். நீற்றின் நடுவே குங்குமம் துலங்கும்போது சிவசத்தி ஐக்கியம் ஒரு நெற்றியிலே எழுதப்பட்டுவிடுகிறது. வைணவர் இடும் திருமண்ணின் நடுவே செந்நிறத் திருச்சூர்ணம் திருமகளைக் குறித்து நிற்பதும் இத்தகையதே. ஆடவர்க்கும் இது பொது. கோயிலிலே சந்தனமும் குங்குமமும் ஆடவர் பெண்டிர் என்னும் வேறுபாடின்றியே வழங்கப்படுகின்றன.

‘இதில் விஞ்ஞானம் என்ன?’ என்று இக்கால இளைஞர் சிலர் கேட்பர். உடனே சிலர், பொட்டு நரம்பை அழுத்துகிறது, நோயைத் தீர்க்கிறது என்றெல்லாம் மறுமொழி கூறப் புறப்படுவர். அவ்வாறு மெய்ப்பிக்கப்படாதவற்றைச் சொல்லித்தான் நம் சமயத்தைக் காக்க வேண்டும் என்பதில்லை. தாய் பிள்ளையை உச்சிமோந்து முத்தமிடுகிறாள். அதற்கு என்ன விஞ்ஞானம் கேட்போம்? பொட்டு ஒரு நினைவு, ஒரு பண்பாடு, ஓர் அன்பின் குறி. அவ்வளவே அதற்குப் போதும்.

செய்யும் முறை

விஞ்ஞானம் வேண்டுமாயின் அது பொட்டின் பயனில் இல்லை; அதனைச் செய்யும் முறையில் உண்டு. ஆலாத்தி எடுக்கும்போது மஞ்சள் கரைத்த நீரிலே சிறிது சுண்ணாம்பு சேர்க்க, அது இரத்தம்போற் சிவக்கக் காண்கிறோம் அல்லவா? மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரத்தோடு கூடும்போது செந்நிறம் கொள்ளும். குங்குமத்தின் அடிப்படையும் அதுவே. நல்ல மஞ்சளை எலுமிச்சம் சாறும் வெண்காரமும் சேர்த்துப் பதப்படுத்தி உலர்த்தி இடித்து எடுப்பர். இரசாயனம் என்ற பெயர் அறியாத நம் பாட்டிமார் அதன் செயலை அறிந்திருந்தனர்.

குழந்தைக்கு இடும் கறுத்தப் பொட்டு வேறுவகை. சவ்வரிசியைச் சட்டியிலிட்டுக் கரியாகும்வரை வறுப்பர். நீர் விட்டுக் காய்ச்சிக் குழம்பாக்குவர். அதனைச் சிரட்டையில் வார்த்து வெயிலில் உலர்த்துவர். பின் வேண்டும்போது ஒரு துளி நீர் விட்டு விரலாற் குழைத்து எடுத்தால் ஆயிற்று. கன்னத்திலும் நெற்றியிலும் கண்ணூறு படாதிருக்க இட்ட அப்பொட்டு நம்மில் யாருக்குத்தான் இல்லை? அந்தச் சிரட்டை பல வீடுகளில் மூத்த பிள்ளையிலிருந்து கடைசிப் பிள்ளைவரை கைமாறி வந்தது.

இன்று கடையிலே ஒட்டுப்பொட்டு மலிந்துவிட்டது. வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு அது எளிது, வியர்வைக்கு அழியாது. அதனைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் சில ஒட்டுப்பொட்டுகளின் பசையிலுள்ள இரசாயனப் பொருள் தோலை வெளுக்கச் செய்து வெண்புள்ளி உண்டாக்குவதை மருத்துவர் கண்டறிந்துள்ளனர். அவ்வாறே மலிவான சிந்தூரப் பொடி சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதும் பரிசோதனைகளில் வெளிப்பட்டுள்ளது. அரிப்போ நிறமாற்றமோ கண்டால் உடனே நிறுத்துதலும், நல்ல மஞ்சட் குங்குமத்தையே தேடி வாங்குதலும் அறிவுடைமையாகும். குழந்தைகளுக்கு இதில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும்.

ஈழநாட்டில் நெற்றிக்குறி

நம் நாட்டில் நெற்றிக்குறி வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷன் பள்ளிகள் கல்வியோடு தம் சமயத்தையும் பரப்பிய காலத்தில், திருநீறணிந்த நெற்றியோடு கல்வி பெறலாகாதா என்னும் கேள்வி யாழ்ப்பாணத்தில் எழுந்தது. அதற்கு விடையாகவே 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சைவ வினாவிடையிலே திருநீறணியும் முறையைச் சிறுவர்க்கும் விளங்க எழுதி வைத்தார். பெண்கல்விக்குச் சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் கல்லூரி கண்டார். கொழும்பிலே வெள்ளவத்தைச் சைவ மங்கையர் கழகத்தார் 1930களில் பெண்களுக்கென வித்தியாலயம் அமைத்தனர். நீறும் பொட்டும் அணிந்த நெற்றியோடு ஆங்கிலமும் கணிதமும் கற்கலாம் என்பதை இந்நிலையங்கள் காட்டின.

தலைநகரிலும் நெற்றி நிறைந்த வாழ்வு தழைத்தது. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரத்துக் கருங்கல் மண்டபத்திலும், செட்டியார்தெருக் கதிரேசன் கோயில்களிலும், ஆடிவேல் ஊர்வலம் செல்லும் காலி வீதியிலும் திருநீறும் குங்குமமும் அணிந்து நின்ற கூட்டத்தைக் கண்டவர் மறவார். களனி ஆற்றின் வடகரையில் வாழும் பேலியகொடை மக்களாகிய நமக்கோ இன்னொரு காட்சியும் உண்டு. அருகேயுள்ள களனி விகாரைக்குச் செல்லும் பௌத்தர் வணங்கும் புத்தபெருமான் திருவுருவை நோக்குங்கள். புருவநடுவே ஒரு குறி! ஊர்ணம் எனப்படும் அது மகாபுருட இலக்கணங்கள் முப்பத்திரண்டனுள் ஒன்று. ஞானத்திற்குரிய இடம் புருவநடு என்னும் எண்ணம் இந்து சமயத்தார்க்கும் பௌத்தர்க்கும் பொதுவாய் நின்றதென்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அங்ஙனம் ஒன்றுபட்டு நிற்கவேண்டியவர் இடையே பகை மூண்டது. 1956இல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. 1958இலும் 1977இலும் 1983 ஆடியிலும் வன்செயல் தலைவிரித்தாடியது. வீதியிலே வழிமறித்தவர் தமிழரை எவ்வாறு அறிந்தனர்? வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லச் செய்து உச்சரிப்பைக் கேட்டனர். ஆடவர் காது குத்தியிருக்கிறதா என்று பார்த்தனர். பெண்டிர் நெற்றியில் பொட்டு உளதா என்று பார்த்தனர். பேருந்திலும் புகையிரதத்திலும் இருந்த நம் பெண்கள் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டனர். மங்கலத்திற்காக இட்ட குறி உயிருக்கு உலையாயிற்று. துடைத்தபின்னும் அங்கே வெளிறிய வட்டம் ஒன்று இருக்குமே, அதுவும் காட்டிக்கொடுக்குமோ என்று நடுங்கியவர் பலர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று வாழும் முதியோருள் இதனைக் கதையாகக் கேட்டவரைவிடக் கண்ணாற் கண்டவரே மிகுதி. அந்நாட்களில் தம் வீட்டினுள்ளே தமிழரை மறைத்து வைத்துக் காத்த சிங்கள அயலவரும் இருந்தனர் என்பதையும் நன்றியோடு சொல்லுதல் நம் கடன்.

இத்துயரம் நமக்கு மட்டும் உரியதன்று. 1987இல் அமெரிக்க நாட்டு நியூ ஜேர்சி மாநிலத்து ஜேர்சி நகரிலே, பொட்டை அடையாளமாக்கித் தமக்குப் பெயர் வைத்துக்கொண்ட கும்பலொன்று இந்தியரைத் தாக்கப்போவதாக மிரட்டிற்று. தாக்குதல்களும் நிகழ்ந்தன, அண்மையிலுள்ள ஹோபோக்கனிலே அடியுண்டு இறந்த இந்தியர் ஒருவர் பொட்டே இடாத பார்சி மரபினர். பகைமைக்குக் குறி ஒரு சாக்கு. அது கண்மூடியே தாக்கும் என்பதை இது காட்டவில்லையா?

ஆயினும் 1983இல் துடைத்த நெற்றிகள் வெறுமையாய் நிற்கவில்லை. அகதி முகாமினின்று வீடு திரும்பியவர் எரிந்த சுவரிடையே மீண்டும் விளக்கேற்றினர், மீண்டும் பொட்டிட்டனர். எந்த மேடையிலும் முழங்காது, எவர் மீதும் வன்மம் கொள்ளாது, ஒரு துளிக் குங்குமத்தாற் செய்த தைரியம் அது.

துடைக்கப்படும் பொட்டு

பகைவர் துடைக்கச் செய்த பொட்டைப் பற்றிப் பேசினோம். நாமே துடைத்துவிடும் பொட்டைப் பற்றிப் பேசாது விடுதல் நேர்மையாகுமா?

திருமண மண்டப வாயிலை நினைத்துப் பாருங்கள். தட்டிலே சந்தனக் கிண்ணம், குங்குமச் சிமிழ், பன்னீர்ச் செம்பு. வருவோரை எல்லாம் இன்முகத்தோடு வரவேற்கின்றனர். மணமகளைப் பெற்று வளர்த்த தாய் மட்டும் கணவனை இழந்தவள் என்பதால் தூணோரம் ஒதுங்கி நிற்கிறாள். மகளின் நெற்றியிலே பொட்டு வைக்க அவள் கை நீளவில்லை. 2009இல் முடிவுற்ற நீண்ட போர் நம் இனத்திலே எத்தனை ஆயிரம் பெண்களைத் துணையற்றவர் ஆக்கிற்று! அவர்கள் ஒவ்வொருவரையும் இவ்வாறு தூணோரம் நிறுத்துவதுதான் நாம் காக்கும் பண்பாடா?

இஃது பழைய வழக்கம் என்பர். உண்மை, பழையதே. கணவனை இழந்தவள் நெய்யின்றி உண்டு, பரற்கல்லின் மேற் படுத்த கடுமையைப் புறநானூறு காட்டுகிறது. பழமை ஒன்றே அறமாகிவிடாது. பொட்டுக்கட்டுதலும் பழமையானதே; அதனை விட்டோம். பாரதநாட்டிலே ஈசுவரசந்திர வித்தியாசாகரர் முயன்று 1856இல் விதவைகள் மறுமணத்திற்குச் சட்டம் வரச் செய்தார். அதனால் இந்து சமயம் அழிந்துவிடவில்லை.

நம் பெரியபுராணம் நமக்கு வழிகாட்டுகிறது. திருவாமூரிலே புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த பெண் ஒருவர். கலிப்பகையார் என்னும் சேனைத்தலைவருக்கு அவரை மணம் பேசினர். திருமணத்திற்கு முன்னரே கலிப்பகையார் போரிலே மாண்டார், பெற்றோரும் இறந்தனர். அவரோடு தாமும் இறக்கத் துணிந்த அம்மங்கை தம் தம்பியின் பொருட்டு உயிர் தாங்கினார். அத்தம்பியும் பின்னர்ச் சமணம் சார்ந்து பிரிந்தார். திருவதிகையிலே திருவலகிட்டும் மெழுகிட்டும் தொண்டு செய்துகொண்டிருந்த தமக்கையிடம், சூலைநோயால் துடித்து ஒருநாள் இரவிலே மீண்டார். தமக்கையார் திருவைந்தெழுத்தை ஓதித் தம் கையாலே திருநீறு கொடுத்தார். அதனை வாங்கி அணிந்த தம்பியே பின்னர் உலகம் போற்றும் திருநாவுக்கரசர் ஆனார்.

அத்தமக்கையாரின் பெயர் என்ன? திலகவதியார். பெயரிலேயே திலகம்! போரிலே தம் வாழ்வை இழந்த பெண்ணின் கையை அமங்கலம் என்று அன்று ஒதுக்கியிருந்தால் நமக்கு அப்பர் பெருமான் கிடைத்திருப்பாரா? தேவாரம்தான் முழுமை பெற்றிருக்குமா? நெற்றிக்கு நீறளித்த அக்கையைச் சேக்கிழார் பெருமான் போற்றினார். அப்படிப்பட்ட கைகள் நம் வீடுகளில் இன்றும் உள்ளன. அவற்றைத் தூணோரம் நிறுத்துகின்றோம்.

இதன் பொருள் எவரையும் பொட்டிடுமாறு வற்புறுத்த வேண்டும் என்பதன்று. கண்ணகியைப்போல் துயரத்தால் தானே விடுவோரும் உளர். அவர் மனத்தை மதிப்போம். இடுவதும் விடுவதும் அவரவர் உள்ளத்தின்பாற் படுக. ஊரார் விரல் அங்கே புகவேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.

நிறைவுரை

இளைஞர்காள்! பாடசாலையிலோ அலுவலகத்திலோ நெற்றிக்குறியைக் கண்டு எவரேனும் நகைத்தால் நாணற்க. அதன் பொருளைப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள். நம் அயலவரின் சின்னங்களையும் அவ்வாறே மதியுங்கள். நம் நெற்றிக்கு மதிப்பு வேண்டுவோர் பிறர் நெற்றியையும் மதித்தல் வேண்டும்.

பெரியோர்களே! அடுத்த திருமணத்தில், அடுத்த பொங்கலில், அடுத்த திருவிழாவில், குங்குமத் தட்டை முதலில் தூணோரம் கொண்டுசெல்லுங்கள். அங்கே ஒதுங்கி நிற்கும் தாயை முன்னே அழைத்து, ‘அம்மா, நீங்களே பிள்ளைக்குப் பொட்டு வையுங்கள்’ என்று சொல்லுங்கள். சங்கத்து இளைஞர் அத்தட்டை ஏந்தி உடன்வரக் காத்திருக்கின்றனர். அவ்வாறு வைக்கப்படும் ஒரு பொட்டு, நூறு சொற்பொழிவு செய்யாததைச் செய்யும்.

எல்லா நெற்றியும் பொலிக! எல்லா உள்ளமும் ஒளி பெறுக! திருவருள் துணைநிற்பதாக.